படித்துறையும் பேருந்து நிலையமும்

நெல்லைச் சீமையைப் பற்றி எழுதுகோல் எடுப்போரில் பலர் ஒப்பாரியில்தான் தொடங்குகின்றனர். பொருநை தெளிந்து ஓடிய காலம் போயிற்றாம். படித்துறையில் பாட்டும் பேச்சும் கேட்ட காலம் போயிற்றாம். வயல் மறைந்து வீட்டுமனை வந்ததாம். மருத மரம் சாய்ந்து மின்கம்பம் நின்றதாம். உறவு போய் ஊதியம் வந்ததாம். கதையில் இந்த ஒப்பாரி, கவிதையில் இந்த ஒப்பாரி, மலர்க் கட்டுரையில் இந்த ஒப்பாரி! கேட்கக் கேட்க நெஞ்சு உருகத்தான் செய்கிறது. உருகும் நெஞ்சுக்கு அணைபோட நாம் விரும்பவில்லை. ஆனால், உருகி முடிந்த பிறகேனும் ஒரு கேள்வி கேட்டாக வேண்டும் அன்றோ? போயிற்று, போயிற்று என்கிறார்களே, அது யாருடைய காலம்? அந்தப் படித்துறை யாருடைய படித்துறை?

திறனாய்வு என்பது உவமை எத்தனை, உருவகம் எத்தனை என்று விரல்விட்டு எண்ணுவது மட்டுமன்று. ஓர் எழுத்து எதைக் காட்டுகிறது, எதை மறைக்கிறது, யாருடைய கண்ணால் பார்க்கிறது, யாருடைய வாயை மூடுகிறது என்று கேட்பதும் திறனாய்வே. அந்தக் கேள்வியோடு நெல்லையின் நகர வளர்ச்சியையும், அதைப் பற்றிய எழுத்தையும் ஒரே தராசில் ஏற்றிப் பார்க்க விழைகிறோம்.

நகரம் நேற்று வந்த நோயா?

நகரம் என்பது வெள்ளையன் கொணர்ந்த நோய் என்றும், நம் மண்ணுக்கு உரியது சிற்றூரே என்றும் சிலர் பேசுகின்றனர். பொருநைக் கரை அந்தப் பேச்சை ஒப்புவதில்லை. இந்த ஆறு பொதிகையில் பிறந்து, ஏறத்தாழ 125 கிலோமீட்டர் ஓடி, புன்னைக்காயலில் கடலோடு கலக்கிறது. இந்தச் சிறிய நீளத்துக்குள் எத்தனை ஊர்கள் எழுந்தன, எத்தனை ஊர்கள் வீழ்ந்தன! ஆதிச்சநல்லூரின் தாழிகள் ஓங்கிய வாழ்வு ஒன்று இங்கே இருந்தது என்று சொல்கின்றன. சிவகளைத் தாழியில் கிடைத்த நெல்லின் காலம் கி.மு. 1155 என்று 2021-இல் தமிழ்நாடு அரசு சட்டமன்றத்தில் அறிவித்தது. பாண்டியரின் முத்துத் துறைமுகமாக விளங்கிய கொற்கை, கிரேக்கரும் உரோமரும் அறிந்த நகரம். இன்று கொற்கை கடலைக் காணாத சிற்றூர். ஆறு கொண்டுவந்த வண்டல் கரையைத் தள்ளிற்று, கடல் விலகிற்று, வணிகம் காயலுக்குப் போயிற்று. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ கண்டு வியந்தது அந்தக் காயலை. காயலும் தளர்ந்தபின் தூத்துக்குடி தலையெடுத்தது.

இதிலிருந்து பெறுவது யாது? நகரம் பிறப்பதும் இறப்பதும் ஆண்டவன் கட்டளையன்று, தலவிருட்சத்தின் மகிமையுமன்று. நீர், வழி, வணிகம், தொழில், ஆட்சி ஆகிய ஐந்தும் கூடுமிடத்தில் நகரம் கூடும். அவை கலையுமிடத்தில் நகரம் கலையும். காரணம் உண்டு, காரியம் உண்டு. இதை ஒப்புக்கொண்டால் ஒப்பாரியின் பாதி குறையும்.

இன்றைய நெல்லையும் அவ்வாறு காரணங்களால் பிறந்ததே. ஆற்றுக்கு மேற்கே நெல்லையப்பர் கோயிலைச் சுற்றி அடுக்கடுக்காய் எழுந்த தேர்வீதி நகரம். கிழக்கே கோட்டையும் படையும் பின்னர்ப் பள்ளியும் கொண்ட பாளையங்கோட்டை. இடையே ஆறு. ஓடத்தில் ஏறித்தான் ஒரு கரையிலிருந்து மறுகரை சேர வேண்டும். மாவட்ட ஆட்சியரகத்தில் சிரஸ்தாராகப் பணியாற்றிய சுலோசன முதலியார் தம் சொந்தப் பொருளைக் கொட்டிக் கட்டிய பாலம் 1843-இல் திறக்கப்பட்டது. கோபுரத்துக்குப் பொன்வேய்ந்தால் புண்ணியம் என்று எண்ணிய காலத்தில், மக்கள் நடக்கப் பாலம் கட்டிய அந்த மனிதரை நாம் வணங்குகிறோம். 1866-இல் இரு கரையும் தனித்தனி நகராட்சிகள் ஆயின. 1876-இல் புகைவண்டி வந்தது. 1880-களில் பாபநாசத்து நீர்வீழ்ச்சியின் வலிமையை நம்பி ஹார்வி சகோதரர்கள் நூற்பாலை எழுப்பினர். அதைச் சுற்றி விக்கிரமசிங்கபுரம் என்னும் ஆலைநகர் வளர்ந்தது. 1940-களில் பாபநாசம் நீர்மின்சாரம் தந்தது. 1901-இல் திருநெல்வேலியிலும் பாளையங்கோட்டையிலும் தலா 40,000 பேர் அளவில் வாழ்ந்தனர். 1994-இல் அவ்விரண்டோடு மேலப்பாளையமும் தச்சநல்லூரும் சேர்ந்து மாநகராட்சி ஆயிற்று. 2011-ஆம் ஆண்டுக் கணக்கில் மாநகரின் மக்கள் ஏறத்தாழ 4,74,000.

தள்ளியது எது?

நகரம் இழுத்தது என்று மட்டும் சொல்வது பாதி உண்மை. சிற்றூர் தள்ளிற்று என்பது மறுபாதி. அந்த மறுபாதியைத்தான் ஒப்பாரி பாடுவோர் மறைக்கின்றனர்.

பொருநையின் எட்டு அணைக்கட்டுகளும் கால்வாய்களும் 80,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்துக்குப் பாய்கின்றன. காரும் பிசானமும் இருபோகம் விளைந்த பூமி. பொன் விளைந்த பூமி என்பதில் ஐயமில்லை. அந்தப் பொன் யார் வீட்டுக் குதிருக்குப் போயிற்று? நிலம் கோயிலுக்கு, நிலம் மடத்துக்கு, நிலம் அக்ரகாரத்துக்கு, நிலம் பெருநிலக்கிழாருக்கு. சேறு மட்டும் சேரிக்கு! நாற்று நட்டவள் கையில் நெல் தங்கவில்லை; வரப்பு வெட்டியவன் பெயரில் வரப்பளவு மண்ணுமில்லை. அவன் ஊரைவிட்டுப் போனது நகரத்தின் மின்விளக்கில் மயங்கியா? வயிற்றின் இருட்டைத் தாங்கமாட்டாமலன்றோ போனான்!

இதை நெல்லை எழுத்தாளரே எழுதியிருக்கிறார். புதுமைப்பித்தன் நெல்லை இந்துக் கல்லூரியில் பயின்றவர். அவருடைய ‘துன்பக்கேணி’யில் வாசவன்பட்டி என்னும் சிற்றூரிலிருந்து மருதி இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போகிறாள். அக்கதையில் சிற்றூர் சொர்க்கமாக இல்லை. தோட்டமும் சொர்க்கமாக இல்லை. ஒரு கேணியிலிருந்து இன்னொரு கேணிக்கு ஒரு பெண்ணைத் தள்ளும் கொடுமையை அவர் காட்டினார். அதே புதுமைப்பித்தன் ‘மகாமசானம்’ எழுதியபோது, சென்னைத் தெருவில் ஒருவன் சாகக் கிடக்க, நகரம் தன் போக்கில் போவதைக் காட்டினார். சிற்றூரையும் அவர் பூசிக்கவில்லை, நகரத்தையும் பூசிக்கவில்லை. அந்த நேர்மையை அவருக்குப் பின் வந்தோரில் எத்தனை பேர் காத்தனர்? அவருடைய கருத்துகளில் நமக்கு உடன்பாடில்லாதவை உண்டு. ஆயினும் இந்த நேர்மையை நாம் பாராட்டாமல் இருக்க முடியாது.

தொ.மு.சி. ரகுநாதன் 1953-இல் ‘பஞ்சும் பசியும்’ எழுதினார். பொருநைக் கரையின் கைத்தறி நெசவாளர் வாழ்வு நொறுங்குவதை அதில் வைத்தார். நூல் விலை ஏறத் தறி நின்றது. தறி நிற்க அடுப்பு நின்றது. ஊரைவிட்டு மனிதன் கிளம்புவதற்குக் காரணம் விதியன்று, விலைவாசி என்று அந்நாவல் சொல்லிற்று. இவ்வாறு காரணத்தைத் தேடும் எழுத்தே நமக்கு வேண்டும்.

படித்துறையின் கணக்கு

இப்போது படித்துறைக்கு வருவோம். பொருநையின் படித்துறைகளைப் போல் பாடப்பட்ட இடம் தென்னாட்டில் அரிது. ஆனால் அந்தப் படிகளில் யார் எந்தப் படியில் இறங்கலாம், யார் எந்தத் துறைக்கு வரலாம், யார் வரவே கூடாது என்றொரு கணக்கு இருந்ததே, அதைப் பாடியவர் எத்தனை பேர்? ஆறு எல்லார்க்கும் பொதுவாகத்தான் ஓடிற்று. கரைதான் பிரிந்து கிடந்தது. மேல்துறையில் குளித்தவன் தூயவன். கீழ்த்துறையில் குளித்தவன் தீட்டு. மேலே அழுக்கைக் கழுவியவன் உயர்ந்தவன். அவன் கழுவிவிட்ட நீரைக் குடித்தவன் தாழ்ந்தவன்! இதைவிடக் கேலிக்குரிய தூய்மைச் சாத்திரம் உலகில் உண்டா?

இந்தக் கரையில்தான் சேரன்மாதேவி இருக்கிறது. வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலம் அங்கே இருந்தது. தேசியக் கல்வி தர வந்த குருகுலம். பொதுமக்கள் பணத்தையும் காங்கிரசின் பணத்தையும் பெற்ற குருகுலம். அங்கே பார்ப்பனச் சிறுவர்க்குத் தனிப் பந்தி என்ற செய்தி வெளிவந்தபோது தமிழ்நாடு கொதித்தது. ஒரே வகுப்பில் படிக்கும் பிள்ளைகள் ஒரே பந்தியில் உண்ணலாகாது என்றால், அந்தக் கல்வி எதற்கு என்று பெரியாரும் வரதராசுலு நாயுடுவும் கேட்டனர். 1925-இல் பெரியார் காங்கிரசைவிட்டு வெளியேறுவதற்கு முன்னோடியாக நின்ற நிகழ்ச்சிகளில் இது தலையாயது. பொருநை நீரில் சமைத்த ஒரு பந்தி தமிழ்நாட்டின் அரசியல் வழியையே திருப்பிற்று என்றால் மிகையன்று.

அப்பெரியார்தான் சிற்றூர் என்ற அமைப்பே ஒரு வருணாசிரமம் என்றார். நகரத்தான் அனுபவிக்க, கிராமத்தான் உழைக்க என்ற பிரிவே ஒழிய வேண்டும் என்றார். 1948-இல் அரசியல் நிர்ணய சபையில் அண்ணல் அம்பேத்கரும் சிற்றூரின் பெருமை பேசியோரைக் கடுமையாக மறுத்தார். இருவரும் நகரத்தின் கட்டிடங்களைக் கண்டு மயங்கியவர்கள் அல்லர். நகரம் ஒருவனை அவன் குலம் கேட்காமல் வேலைக்கு எடுக்கக் கூடும், அவன் தகப்பன் பெயர் கேட்காமல் சோறு விற்கக் கூடும், அவன் தெரு கேட்காமல் பக்கத்தில் உட்கார வைக்கக் கூடும் என்று அவர்கள் கண்டனர்.

அந்தக் கனவின் உருவம்தான் பேருந்து நிலையம். அங்கே யாருக்கும் தனித் துறை இல்லை. காசு கொடுத்தவனுக்குச் சீட்டு. முந்தி ஏறியவனுக்கு இருக்கை. பண்ணையார் நின்றுகொண்டு வர, அவர் பண்ணையாளின் மகன் உட்கார்ந்துகொண்டு வரலாம். இந்தக் காட்சியைக் கவிதையாக்கும் கவிஞன் எங்கே? படித்துறைக்கு ஆயிரம் பாட்டு. பேருந்து நிலையத்துக்கு ஒரு பாட்டில்லை. சத்தம், தூசி, நெரிசல் என்று மூக்கைப் பொத்திக்கொள்கிறார் நம் இலக்கியவாணர். அந்த நெரிசலில்தான் ஐயா, தீட்டு நசுங்கிச் செத்தது!

நகரம் தந்த கொடைகளை நாம் மறக்கலாகாது. பாளையங்கோட்டையில் சாராள் தக்கர் பெயரால் 1895-இல் தோன்றிய மகளிர் கல்லூரி, காது கேளாப் பிள்ளைகளுக்கும் கண் காணாப் பிள்ளைகளுக்கும் 19-ஆம் நூற்றாண்டிலேயே எழுந்த பள்ளிகள், மருத்துவமனைகள், அச்சகங்கள், நூலகங்கள் ஆகியவற்றைச் சிற்றூரின் சாவடி தந்ததா? சமயம் பரப்ப வந்தவர்கள் கட்டினார்கள் என்பதை அறிவோம். கட்டியவர் நோக்கம் எதுவாயினும், படித்த பெண்ணின் கையில் வந்தது எழுத்து. அந்த எழுத்து அவளுடையது.

பேருந்தில் ஏறிய சாதி

ஆனால் தோழர்களே, இங்கேயே நிறுத்தினால் நாமும் ஒரு பாதியைத்தான் சொன்னவர்கள் ஆவோம். ஒப்பாரி பாடுவோர் சிற்றூரின் கொடுமையை மறைத்தனர் என்று குற்றம் சாட்டினோம். நகரத்தின் கொடுமையை மறைத்து நாம் வாழ்த்துப் பாடலாமா?

1997-ஆம் ஆண்டை எண்ணிப் பாருங்கள். விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட புதிய போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் சூட்டப்பட்டது. ஒடுக்கப்பட்ட குலத்தில் பிறந்து, கட்டபொம்மனோடு நின்று போரிட்டு மடிந்தவர் அவர். அவர் பெயர் எழுதிய பேருந்தில் ஏறமாட்டோம் என்று ஒரு கூட்டம் கிளம்பிற்று. தென் மாவட்டங்கள் தீப்பற்றின. முடிவில் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும், எல்லா மாவட்டங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களை அரசு நீக்கிற்று. நெல்லை கட்டபொம்மன் மாவட்டம் திருநெல்வேலி மாவட்டம் ஆயிற்று. எந்தப் பேருந்தில் சாதி நசுங்கிச் செத்தது என்று மகிழ்ந்தோமோ, அந்தப் பேருந்தின் நெற்றியிலேயே சாதி ஏறி உட்கார்ந்தது. பெயரை அழித்தார்கள், பிணக்கை அழித்தார்களா?

1999 சூலை 23. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளருக்காகக் கொக்கிரகுளத்து ஆட்சியரகத்தை நோக்கி ஊர்வலம் வந்தது. காவலர் தடியடி நடத்தினர். ஓடியவர்கள் ஆற்றில் வீழ்ந்தனர். குழந்தை உட்பட 17 பேர் மாண்டனர். மக்கள் நடக்க ஒருவர் தம் பொருளால் பாலம் கட்டிய அதே இடத்தின் அருகில், மக்கள் நடந்து வந்ததற்காக ஆற்றில் மிதந்தனர். அன்று கோட்டையில் இருந்தது நம் இயக்கத்தின் பெயரைத் தாங்கிய ஆட்சியே என்பதை நாம் மூடிமறைக்க மாட்டோம். பிறர் செய்தால் கொடுமை, நம்மவர் செய்தால் ஒழுங்கு என்று எழுதும் எழுதுகோல் பகுத்தறிவின் எழுதுகோல் அன்று.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவன், நன்றாகப் படித்த குற்றத்துக்காக, உடன் பயின்ற மாணவர்களாலேயே வீடு புகுந்து வெட்டப்பட்டான். தடுக்க வந்த தங்கையும் வெட்டுண்டாள். அரசு அமைத்த நீதியரசர் கே. சந்துரு குழு 2024-இல் அறிக்கை தந்தது. பள்ளிப் பிள்ளைகள் கையில் வண்ணக் கயிறு கட்டிச் சாதியைக் காட்டுவதைத் தடைசெய்ய வேண்டும் என்றது. பள்ளிகளின் பெயரிலிருந்து சாதி அகல வேண்டும் என்றது. 2025 சூலையில் பாளையங்கோட்டையின் புறநகரில், மென்பொருள் நிறுவனத்தில் பணியாற்றிய இளைஞர் ஒருவர் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார். சாதி கடந்த நட்பே காரணம் என்று வழக்கு எழுந்தது. நிகழ்ந்த இடம் சிற்றூரின் ஒற்றையடிப் பாதையன்று; மாநகரின் புதுக் குடியிருப்பு. கொல்லப்பட்டவர் ஏட்டறிவு இல்லாதவரல்லர், கணிப்பொறி கற்றவர். நகரம் வந்தால் சாதி போகும் என்று கணக்குப் போட்டோம். நகரம் வந்தது. சாதியும் மூட்டை முடிச்சோடு உடன் வந்துவிட்டது!

ஏன் வந்தது? காரணத்தைத் தேடுவோம். வீதி பொது, ஆனால் வீடு பொதுவன்று. வாடகைக்கு வீடு கேட்டால், பெயரைக் கேட்பார்கள், ஊரைக் கேட்பார்கள், ஊரில் எந்தத் தெரு என்பார்கள், உணவு என்ன என்பார்கள். நான்கு கேள்வியில் நான்கு வருணமும் தெரிந்துவிடும். சிற்றூரிலிருந்து வந்தவன் தன் குலத்தார் குடியிருக்கும் பக்கமே மனை வாங்குகிறான். கடன் வேண்டின் குலத்தானிடம் போகிறான். வேலை வேண்டின் குலச் சங்கத்தை நாடுகிறான். பெண் வேண்டின் குலத்துக்குள்ளே தேடுகிறான். அரசு கைகொடுக்காத இடத்திலெல்லாம் சாதி கைகொடுக்கிறது. கொடுத்த கைக்கு விலையும் கேட்கிறது. நகரம் தொழிலை மாற்றிற்று, மணத்தை மாற்றவில்லை. உடையை மாற்றிற்று, உறவை மாற்றவில்லை. சந்தையைத் திறந்தது, வீட்டுக் கதவைத் திறக்கவில்லை.

ஆறு சொல்லும் சாட்சி

மனிதனை மேல் கீழ் என்று பிரித்த மனம், ஊரையும் மேல் கீழ் என்று பிரிக்கும். இதற்கு ஆறே சாட்சி. மாநகரின் கழிவுநீர் பொருநையில் கலக்கிறது. அந்த ஆற்றையே கீழே சீவலப்பேரியும் ஸ்ரீவைகுண்டமும் அதற்கப்பாலும் நம்பியிருக்கின்றன. 2024-இல் உயர்நீதிமன்ற நீதிபதிகளே நேரில் வந்து ஆற்றின் நிலையைப் பார்க்கும் அளவுக்கு வழக்கு முற்றிற்று. முன்னே மேல்துறைக்காரன் கழுவியதைக் கீழ்த்துறைக்காரன் குடித்தான். இன்று மேலூர் கழித்ததைக் கீழூர் குடிக்கிறது. படித்துறை இடிந்தது, படித்துறையின் சட்டம் இடியவில்லை!

குடிநீருக்குக் குழாயடியில் குடங்கள் வரிசை நிற்கும் மாவட்டத்தில், கங்கைகொண்டான் தொழிற்பேட்டையில் குளிர்பானம் அடைக்க ஆற்றுநீர் போயிற்று. 2016-இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. 2017-இல் அந்தத் தடை நீங்கிற்று. தொழில் வேண்டாம் என்பவர்கள் அல்லர் நாம். தொழிலால்தான் பண்ணையடிமை மீண்டான். ஆனால் எந்தத் தொழில், எவ்வளவு நீர், எத்தனை பேருக்கு வேலை என்று கேட்கும் உரிமை மக்களுக்கு உண்டா இல்லையா?

குளங்களின் கதை இன்னும் கொடிது. பொருநையின் பாசனத்தில் 180-க்கு மேற்பட்ட குளங்கள் உண்டு. ஒரு குளம் நிறைந்து மறுகால் பாய்ந்தால் அடுத்த குளம் நிறையும். நம் முன்னோர் பொறியியல் கல்லூரியில் படிக்காமலே கட்டிய சங்கிலி அது. நகரம் அந்தச் சங்கிலியின் கண்ணிகளை ஒவ்வொன்றாய்க் கழற்றி விற்றது. வேய்ந்தான்குளத்தில் 2003-இல் புதிய பேருந்து நிலையம் எழுந்தது. பேருந்து நிலையத்தைப் புகழ்ந்த நாமே கேட்கிறோம்: நிலையம் கட்டக் குளம்தானா கிடைத்தது? சந்திப்பில் பெரியார் பெயர் தாங்கிய பேருந்து நிலையத்தைச் சீர்மிகு நகரத் திட்டத்தில் 2018-இல் மூடி இடித்தார்கள். மறுபடி திறக்க 2024 ஆயிற்று. ஐந்தாண்டுக்கு மேல் பயணிகள் வெயிலிலும் மழையிலும் நடுத்தெருவில் நின்றனர். சீர்மிகு நகரம் என்ற பெயர் மட்டும் சீராக நின்றது!

2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை. ஆறு கரை கடந்தது. நெல்லைச் சந்திப்பு நீரில் மூழ்கிற்று. ஸ்ரீவைகுண்டத்தில் புகைவண்டியில் ஏறத்தாழ 800 பயணிகள் சிக்கித் தவித்தனர். அத்தகைய மழையை எந்த நகரும் எளிதில் தாங்காது என்பது உண்மை. ஆனால் வெள்ளம் முதலில் புகுந்த வீடு யாருடையது? மேட்டில் மனை வாங்க முடியாதவனுடைய வீடு. வாய்க்கால் ஓரத்தில் ஓடு வேய்ந்தவனுடைய வீடு. வெள்ளம் எல்லார்க்கும் பொது என்பார் சிலர். வெள்ளம் பொது, பள்ளம் பொதுவன்று.

எழுதப்படாத நகரம்

இனி இலக்கியத்துக்குத் திரும்புவோம். வண்ணநிலவன் 1979-இல் ‘கம்பாநதி’ எழுதினார். வேலையற்ற இளைஞரின் வெறுமையும், நடுத்தரக் குடும்பங்களின் சரிவும் அதில் உண்டு. ‘ரெயினீஸ் ஐயர் தெரு’ பாளையங்கோட்டையின் ஒரு சிறு தெருவைத் துலக்கி வைக்கிறது. அந்தத் தெருவின் பெயர், 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்த செருமானியப் பாதிரியாரின் பெயர். வீட்டுக்குள் இருக்கும் துயரத்தை மெல்லிய குரலில் சொல்வதில் அந்நூல்கள் தேர்ந்தவை. அந்தத் தேர்ச்சியை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆயினும் கேட்க வேண்டியதைக் கேட்போம்: அந்தத் தெருவுக்கு அடுத்த தெரு எங்கே? அதைத் தாண்டிய சேரி எங்கே? துயரம் வீட்டுக்குள் பிறந்ததா, வெளியிலிருந்து வந்ததா? மனம் கசிவதோடு கதை நின்றுவிட்டால், காரணம் தப்பித்துக்கொள்கிறது.

ரா.பி. சேதுப்பிள்ளை பொருநைக் கரை இராசவல்லிபுரத்தில் பிறந்தவர். 1943-இல் கம்பராமாயணம் குறித்து அறிஞர் அண்ணாவுக்கு எதிரணியில் நின்று சொற்போர் நிகழ்த்தியவர். எதிரணியில் நின்றாலும் அவர் தமிழ் நம் தமிழே. 1946-இல் அவர் தந்த ‘ஊரும் பேரும்’ ஊர்ப்பெயர்களில் ஒளிந்து கிடந்த வரலாற்றை வெளிக்கொணர்ந்தது. அந்த நூலைப் போற்றுகிறோம். அந்த வழியில் இன்னொரு நூல் எழுதப்பட வேண்டும் என்று கேட்கிறோம். வண்ணாரப்பேட்டை என்கிறோமே, வெளுத்தவர் கதை எங்கே? ஊருக்குப் பெயர் கொடுத்த உழைப்பாளிக்கு அந்த ஊரில் மனை உண்டா? தெருப்பெயரில் சாதிப் பலகை தொங்குவதும், அது அகற்றப்படுவதும், மனத்தில் மறுபடி எழுதப்படுவதும் ஆகிய இந்த வரலாற்றை எழுதும் ஆராய்ச்சியாளர் வர வேண்டும்.

இன்னும் எத்தனை வாழ்வுகள் எழுதப்படாமல் கிடக்கின்றன! மேலப்பாளையத்தில் தறியின் ஓசை ஓய்ந்தபின் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றும் பெண்ணின் விரல். பத்தமடையில் கோரையைக் கிழித்துப் பட்டுப்போல் பாய் முடையும் கை. மாநகரின் மலக்குழியில் இறங்கும் தொழிலாளியின் மூச்சு. இராமையன்பட்டிக் குப்பைமேட்டின் புகையை உண்ணும் குழந்தையின் இருமல். மாஞ்சோலையைப் பாருங்கள். சிங்கம்பட்டி சமீன் 1929-இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்ட மலை. தலைமுறை தலைமுறையாய்க் கொழுந்து பறித்தவர்கள், குத்தகை முடியுமுன்னரே, 2024-இல் வேலை முடிந்தது என்று சொல்லப்பட்டார்கள். மலையில் பிறந்தவன் சமவெளிக்கு வந்து எந்தத் தெருவில் குடியேறுவான்? எந்த வீட்டுக்காரர் அவனிடம் நான்கு கேள்வி கேட்காமல் சாவி கொடுப்பார்? நகரமாதலின் காரணத்தையும் விளைவையும் ஒரே குடும்பத்தில் காண விரும்பும் எழுத்தாளர் அந்தக் குடும்பத்தின் வாசலில் போய் நிற்கட்டும்.

எது நகரம்?

தமிழ்நாட்டில் 2011-ஆம் ஆண்டிலேயே நூற்றுக்கு 48 பேர் நகர்ப்புறத்தார் ஆகிவிட்டனர். திரும்பிப் போக வழி இல்லை, போகவும் வேண்டா. திரும்பிப் போ என்று ஏழைக்கு உபதேசம் செய்கிறவர் முதலில் தாம் குளிரூட்டிய அறையைவிட்டுச் சேரிக் குடிசைக்குத் திரும்பிக் காட்டட்டும்! நம் வேலை நகரத்தைச் சபிப்பதன்று, நகரத்தை நகரமாக்குவது.

ஓர் ஊர் நகரமா என்று அறிய நாம் ஐந்து கேள்விகள் வைக்கிறோம். பெயரும் தெருவும் கேளாமல் அங்கே வாடகைக்கு வீடு கிடைக்குமா? இரு குலத்து இளைஞனும் நங்கையும் அங்கே அஞ்சாமல் மணம் புரியலாமா? எல்லாப் பிணமும் ஒரே சுடுகாட்டில் எரியுமா? மேலூர்க் கழிவு தூய்மையாக்கப்படாமல் கீழூர்க் குடத்தில் விழாதிருக்குமா? மழைநீருக்கு அதன் குளம் திரும்பக் கிடைக்குமா? இந்த ஐந்துக்கும் ஆம் என்று சொல்லும் நாளில் நெல்லை மாநகர் ஆகும். அதுவரை அது பெருத்த சிற்றூர். மின்விளக்குப் போட்ட அக்ரகாரமும் சேரியும்.

இந்த ஐந்தில் அரசு செய்ய வேண்டியவை உண்டு. கழிவுநீர்த் திட்டத்தைக் காகிதத்திலிருந்து குழாய்க்குக் கொண்டுவர வேண்டும். எஞ்சிய குளங்களுக்கு எல்லைக்கல் நட வேண்டும். சாதி மறுத்து மணப்போர்க்குக் காவல் வேண்டும். பள்ளிகளைப் பற்றிய குழு அறிக்கை அலமாரியில் உறங்கலாகாது. அரசால் செய்ய முடியாதவையும் உண்டு. வீட்டுச் சாவியைக் கையில் வைத்திருக்கும் வீட்டுக்காரர் நீங்கள்தாம். மகளின் மணத்தைத் தீர்மானிக்கும் தந்தை நீங்கள்தாம். மகன் கையில் கயிறு கட்டும்போது சிரித்துக்கொண்டிருக்கும் தாய் நீங்கள்தாம். மேடையில் சமத்துவம், முற்றத்தில் சனாதனம் என்ற இரட்டை வாழ்வுக்கு இயக்கத்தவர் வீடுகளும் விலக்கல்ல.

எழுத்தாளர்க்கும் ஒரு சொல். படித்துறையைப் பாடுங்கள், வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் கடைசிப் படிக்கும் கீழே, ஈர மணலில், துறை மறுக்கப்பட்டு நின்றவளையும் பாட்டில் நிறுத்துங்கள். ஆற்றுக்காக அழுங்கள், அந்த ஆற்றில் மிதந்த 17 உடல்களையும் எண்ணி அழுங்கள். பேருந்து நிலையத்துக்கும் ஒருமுறை வாருங்கள். நெரிசலில் உட்காருங்கள். பக்கத்தில் இருப்பவரிடம் எந்த ஊர் என்று கேளுங்கள். அவர் சொன்ன பிறகு, அந்த ஊரில் எந்தத் தெரு என்று மட்டும் கேளாதீர்கள். அந்த இரண்டாம் கேள்வி நாவில் எழாமல் நின்றுபோகும் நாளே நெல்லையில் நகரம் பிறந்த நாள்.